கார்கில் போரில் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடவாமை

கார்கில் போரில் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடவாமை என்பது, 1999 ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நடந்த கார்கில் போரில், இந்தியப் படைகள் ஜம்மு காஷ்மீரிலுள்ள கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று இந்திய அரசு விதித்து, போர் முடியும்வரை நடைமுறைப்படுத்திய தடையைக் குறிக்கும். அணு ஆயுதம் கொண்ட இரு நாடுகள் நேருக்கு நேர் மோதிய நிகழ்வுகள் உலக வரலாற்றில் மிகச் சிலவே. 1969 இல் உசூரி ஆற்றங்கரையில் சோவியத் ஒன்றியமும் சீனாவும் மோதிக்கொண்டது ஒன்று, கார்கில் மற்றொன்று. ஆகவே, "படைகள் கோட்டைத் தாண்டியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?" எனும் வினா படைத்துறை ஆய்வாளர்களாலும் மாற்று வரலாற்றில் ஆர்வம் கொண்டோராலும் தொடர்ந்து எழுப்பப்பட்டு வருகிறது. இத்தடை ஓர் அணுப்போரைத் தவிர்த்தது என்பது பரவலான கருத்து. எனினும் அது நிறுவப்பட்ட உண்மை அன்று. அத்தடைக்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது என்பதில் மட்டும் ஐயமில்லை.

பின்னணி

கட்டுப்பாட்டுக் கோடு என்பது பன்னாட்டு எல்லை அன்று. 1971 ஆம் ஆண்டுப் போரின் முடிவில், திசம்பர் 17 அன்று ஏற்பட்ட போர்நிறுத்தத்தின்போது இரு படைகளும் நின்ற இடங்களை ஒட்டி, 1972 ஜூலையில் கையெழுத்தான சிம்லா உடன்படிக்கையின்படி வரையறுக்கப்பட்ட கோடு அது. ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளமுடையது. பெரும்பகுதி மலைமுகடுகளின் மேல் செல்கிறது. கார்கில் பகுதியில் கடுங்குளிர் காலத்தில் இரு தரப்பினரும் உயரமான காவல்நிலைகளை விட்டு இறங்கிவிடுவதும், பனி உருகியபின் மீண்டும் ஏறுவதும் வழக்கமாக இருந்தது.

1998 மே 11, 13 ஆகிய நாட்களில் இந்தியா பொக்ரானிலும், மே 28, 30 ஆகிய நாட்களில் பாகிஸ்தான் பலுசிஸ்தானிலும் அணு ஆயுத சோதனைகளை நடத்தின. 1999 பெப்ரவரியில் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய் பேருந்தில் லாகூர் சென்று, பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீபுடன் லாகூர் சாற்றுரையில் கையெழுத்திட்டார். அணு ஆயுத விபத்துகளையும் தவறான புரிதல்களையும் குறைக்க வேண்டும் என்பது அதன் முதன்மையான கூறுகளுள் ஒன்று. அந்த மை உலர்வதற்குள்ளாகவே பாகிஸ்தானின் வடக்குப்பகுதி இலகு காலாட்படையினர் கோட்டைத் தாண்டி, குளிர்காலத்தில் ஆளின்றி விடப்பட்டிருந்த முகடுகளில் அமர்ந்துவிட்டனர். ஊடுருவல் சில இடங்களில் 8 முதல் 10 கிலோமீட்டர் வரை ஆழம் கொண்டிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் ஆடு மேய்ப்போர் வழியாகவே முதல் தகவல் கிடைத்தது. அம்முகடுகளிலிருந்து ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையை நேரடியாகக் குறிவைக்க முடியும் என்பதே சிக்கலின் மையம்.

அப்போதைய இந்திய அரசின் நிலையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் ஆதரவை விலக்கிக்கொண்டதை அடுத்து, 1999 ஏப்ரல் 17 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் (269–270) தோற்றிருந்தது. எனவே கார்கில் தொடர்பான முடிவுகள் அனைத்தும் ஒரு காபந்து அரசால், பொதுத் தேர்தலை எதிர்நோக்கிய நிலையில் எடுக்கப்பட்டவை. தேர்தலை முன்னிட்டு ஓர் அரசு கடுமை காட்டவே முற்படும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இங்கு நிகழ்ந்தது வேறு.

தடை விதிக்கப்பட்ட முறை

தரைப்படை மட்டும் கொண்டு முகடுகளை மீட்பது கடினம் என்பது தெளிவானபின், வான்படையைப் பயன்படுத்துவது குறித்து 1999 மே 25 அன்று பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு முடிவெடுத்தது. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்ட இசைவு உண்டா என்பதை வான்படைத் தளபதி ஏ. ஒய். டிப்னிஸ் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பியபோது, கூடாது என்று பிரதமர் உறுதியாகக் கூறிவிட்டதாக டிப்னிஸ் பின்னர் எழுதியுள்ளார். மறுநாள், மே 26 அன்று, "சபேத் சாகர்" எனப் பெயரிடப்பட்ட வான் நடவடிக்கை தொடங்கியது. தரைப்படை நடவடிக்கை "விஜய்" என்றும் கடற்படையின் அணிவகுப்பு "தல்வார்" என்றும் அழைக்கப்பட்டன.

தடை நிரந்தரமானது என்று அறிவிக்கப்படவில்லை. அது மறுஆய்வுக்கு உட்பட்டது என்றே தாம் கருதியதாகவும், தேவைப்பட்டால் தாண்டுவதற்கான ஆயத்தங்கள் இருந்ததாகவும் அப்போதைய தரைப்படைத் தளபதி வி. பி. மாலிக் 2006 இல் வெளியான தமது நூலில் குறிப்பிட்டுள்ளார். இதனால் இத்தடையை வெறும் தயக்கமாகக் கொள்வது பொருந்தாது. ஒருபுறம் ஓர் எல்லை வகுக்கப்பட்டது. மறுபுறம் அவ்வெல்லை என்றும் இருக்கும் என்ற உறுதிமொழி எதிரிக்குத் தரப்படவில்லை. கடற்படை அரபிக்கடலில் நிலைகொண்டதும், மேற்கு எல்லை நெடுகப் படைகள் எச்சரிக்கை நிலையில் வைக்கப்பட்டதும் இந்த இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவை.

வான்படைக்கு ஏற்பட்ட இடர்

நிலப்படத்தில் ஒரு கோட்டை வரைந்து "இதைத் தாண்டாதே" என்பது எளிது. ஒரு போர் வானூர்தியில் அதைக் கடைப்பிடிப்பது எத்துணைக் கடினம் என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நொடிக்கு 250 மீட்டர் (மணிக்கு 900 கிலோமீட்டர்) வேகத்தில் செல்லும் வானூர்தி 60 பாகை சாய்ந்து திரும்பினால், அதன் திருப்ப ஆரம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் ஆகும். அதாவது எதிர்த்திசைக்கு முழுமையாகத் திரும்ப 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலம் வேண்டும். ஏறத்தாழ 46 நொடிகள் பிடிக்கும். ஊடுருவலின் மொத்த ஆழமே 10 கிலோமீட்டருக்கு உட்பட்டது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இலக்கை நோக்கிக் கோட்டுக்குக் குறுக்கே பாய்ந்து தாக்கிவிட்டு, மறுபக்கத்தில் திரும்பி வருவது இயல்பான வழி. அவ்வழி அடைபட்டதால், கோட்டுக்கு இணையாகப் பறந்து தாக்க வேண்டியதாயிற்று. எந்தத் திசையிலிருந்து வானூர்தி வரும் என்பதை முகட்டில் தோள் ஏவுகணையுடன் அமர்ந்திருப்பவர் எளிதில் ஊகித்துவிடலாம்.

இதற்கு மேல் உயரத்தின் சிக்கல். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 விழுக்காடே. வானூர்திப் பொறியின் உந்துவிசை குறைகிறது. தாழ்நிலங்களுக்காக வகுக்கப்பட்ட குண்டு வீச்சுக் கணக்குகள் பிழைபடுகின்றன. மே 27 அன்று ஒரு மிக்–27 பொறி நின்றுபோய் வீழ்ந்தது. அதன் வானோடி நச்சிகேதா சிறைப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற அஜய் அகுஜாவின் மிக்–21 ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது, அகுஜா உயிரிழந்தார். மறுநாள் ஓர் எம்ஐ–17 உலங்குவானூர்தி வீழ்த்தப்பட்டு நால்வர் மாண்டனர். இத்தனைக்குப் பின்னரும் தடை தளர்த்தப்படவில்லை. மாறாக முறை மாற்றப்பட்டது: தாக்குதல் உலங்குவானூர்திகள் விலக்கப்பட்டன, வானூர்திகள் தோள் ஏவுகணைகள் எட்டாத உயரத்திலிருந்து தாக்கின, மிராஜ் 2000 வானூர்திகள் ஜூன் 17 அன்று முந்தோ தாலோ வழங்கல் முகாமையும், ஜூன் 24 அன்று சீரொளி வழிகாட்டுக் குண்டுகளால் டைகர் ஹில் உச்சியையும் தாக்கின.

தரைப்படை கொடுத்த விலை

முகடுகளில் இருந்தோருக்கு உணவும் வெடிபொருளும் கோட்டுக்கு அப்பாலிருந்து வந்தன. அவ்வழிகளை மறுபக்கத்திலிருந்து அறுக்க இயலாத நிலையில், கீழிருந்து மேலாக, மறைப்பில்லாத செங்குத்துச் சரிவுகளில், பெரும்பாலும் இரவில், காலாட்படையினர் ஏற வேண்டியிருந்தது. தோலோலிங் ஜூன் 13 அன்றும், 5,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள டைகர் ஹில் ஜூலை 4 அன்றும் மீட்கப்பட்டன. அரசு அறிவித்த கணக்கின்படி இப்போரில் உயிரிழந்த இந்தியப் படையினர் 527 பேர். காயமுற்றோர் 1,300 க்கும் மேற்பட்டோர்.

தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன். பீகார் படைப்பிரிவின் முதலாம் அணியைச் சேர்ந்த இவர், பட்டாலிக் பகுதியில் ஒரு முகட்டை நோக்கி ஏறிய தாக்குதலுக்குத் தலைமை தாங்கி மே 29 அன்று மாண்டார். அச்சரிவு எதிரியின் துப்பாக்கிகளுக்கு நேர்கீழே இருந்ததால், ஒரு மாதத்திற்கும் மேல் கழித்து ஜூலையில்தான் அவரது உடலை மீட்க முடிந்தது. அவருக்கு இறப்புக்குப் பின் வீர் சக்கரம் வழங்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் அவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது.

தடை இல்லாதிருந்தால் இவர்கள் பிழைத்திருப்பர் என்று சொல்ல இயலாது. கோட்டைத் தாண்டிய தாக்குதலும் மலைப்போராகவே இருந்திருக்கும். பாகிஸ்தானின் வான்படை முழுமையாக இறங்கியிருக்கும். ஆயினும், நகரங்களுக்கு வந்திருக்கக்கூடிய ஓர் ஆபத்தைக் குறைப்பதற்காக, சரிவில் ஏறுவோரின் ஆபத்து கூட்டப்பட்டது என்பது உண்மை. தடையைப் போற்றி எழுதுவோர் பலர் இதனை ஓரிரு சொற்களில் கடந்துவிடுகின்றனர்.

அணு ஆயுத ஆபத்து எந்த அளவு உண்மையானது?

சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மே மாத இறுதியில் பாகிஸ்தான் வெளியுறவுச் செயலர் ஷம்ஷாத் அகமது, தம் நாட்டைக் காக்கத் தங்களிடமுள்ள எந்த ஆயுதத்தையும் பயன்படுத்தத் தயங்கமாட்டோம் என்ற பொருளில் பேசினார். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு அவையில் பணியாற்றிய புரூஸ் ரீடல் 2002 இல் எழுதிய கட்டுரையில், ஜூலை 4 அன்று வாசிங்டனில் நவாஸ் ஷெரீபைச் சந்தித்த அதிபர் பில் கிளின்டன், பாகிஸ்தான் படையினர் அணு ஏவுகணைகளை ஆயத்தம் செய்வதை அறிவீர்களா என வினவியதாகவும், ஷெரீப் அதனை அறியாதவராகத் தோன்றியதாகவும் பதிவு செய்துள்ளார். இதற்கு மாறாக, பாகிஸ்தான் தரைப்படைத் தளபதியாக இருந்த பர்வேஸ் முஷாரப் 2006 இல் வெளியிட்ட தன்வரலாற்றில், 1999 இல் தம் நாட்டின் அணு ஆயுதத் திறன் செயல்படும் நிலையிலேயே இல்லை என்று கூறி இதனை மறுத்தார். இந்தியத் தரப்பிலும் ஆயத்தங்கள் நடந்ததாக இதழாளர் ராஜ் செங்கப்பா எழுதியுள்ளார்.

இவர்களுள் யாரை நம்பினாலும் ஒன்று மாறாது. 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலக்கை ஓர் எறியியல் ஏவுகணை ஏறத்தாழ ஏழெட்டு நிமிடங்களில் எட்டிவிடும். பனிப்போர்க் கால வல்லரசுகளுக்கு இருந்த அரைமணி நேர இடைவெளி தெற்காசியாவில் இல்லை. இச்சிக்கலை இயற்பியலாளர்களான சியா மியான், ஆர். ராஜாராமன், எம். வி. ரமணா ஆகியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நோக்கம் இல்லாமலேயே தவறான கணிப்பால் போர் மூளக்கூடிய சூழல் அது.

மாற்று வரலாற்றுக் கற்பனைகள்

கோட்டைத் தாண்டுவதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1965 செப்டம்பரில் பாகிஸ்தான் படைகள் சம்ப் வழியாக அக்னூரை நெருங்கியபோது, இந்தியா காஷ்மீரிலேயே நின்று போரிடாமல், செப்டம்பர் 6 அன்று பஞ்சாபில் பன்னாட்டு எல்லையைக் கடந்து லாகூரை நோக்கி நகர்ந்தது. அக்னூர் மீதான அழுத்தம் குறைந்தது. 1999 ஐக் குறித்த மாற்று வரலாறுகள் பெரும்பாலும் இந்த 1965 இன் நீட்சியே: வேறொரு முனையைத் திறத்தல், பாகிஸ்தானின் சேமப்படை நகர்தல், ஒரு பெரிய நகரம் அல்லது இருப்புப்பாதை துண்டிக்கப்படும் நிலை, அதன்பின் அணு ஆயுத மிரட்டல். வேறுபாடு இதுதான்: 1965 இல் இரு தரப்பிடமும் அணு ஆயுதம் இல்லை. எனவே அம்முன்மாதிரி, தாண்டினால் இராணுவ அடிப்படையில் பயன் கிட்டும் என்பதைக் காட்டுகிறதே ஒழிய, அதன் பின்விளைவைக் காட்டவில்லை.

மற்றொரு வகைக் கற்பனை அரசியல் சார்ந்தது. கோட்டைத் தாண்டியிருந்தால் ஊடுருவியவர் யார் என்ற கேள்வி மங்கி, இரு நாடுகளும் சமமாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும்; வாசிங்டனில் பாகிஸ்தான் மீது வந்த அழுத்தம் வந்திருக்காது என்பது இதன் சாரம். இவ்வாதம் அணுப்போர் பற்றிய ஊகத்தைவிட வலுவானது என்று கொள்ளலாம். ஏனெனில் ஜி–8 நாடுகளும் ஐக்கிய அமெரிக்காவும் ஊடுருவலைப் பின்வாங்கக் கோரியது நடந்த நிகழ்வு.

இத்தகைய கற்பனைகளை எழுதியவர்களுள் இருவர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதிகளாகவே இருந்தவர்கள் என்பது பலரும் அறியாத செய்தி. செங்கல்பட்டில் பிறந்த கிருஷ்ணசாமி சுந்தர்ஜி, 1986–87 இல் ராஜஸ்தானில் நடந்த "பிராஸ்டாக்ஸ்" எனும் மாபெரும் போர்ப்பயிற்சியை நடத்தியவர். அப்பயிற்சியைப் படையெடுப்புக்கான ஆயத்தம் என ஐயுற்ற பாகிஸ்தான் தன் சேமப்படைகளை எல்லைக்கு நகர்த்த, 1987 ஜனவரியில் இரு நாடுகளும் போரின் விளிம்புக்குச் சென்று, பெப்ரவரியில் பேச்சுவார்த்தை மூலம் படைகளைப் பின்னிழுத்தன. ஓய்வுக்குப் பின் சுந்தர்ஜி 1993 இல் இந்திய–பாகிஸ்தான் அணுப்போர் பற்றிய "பிளைண்ட் மென் ஆஃப் இந்துஸ்தான்" எனும் புனைகதை நூலை வெளியிட்டார். மற்றவர், 2001–02 இல் நாடாளுமன்றத் தாக்குதலை அடுத்துப் படைகள் பத்து மாதம் எல்லையில் நிறுத்தப்பட்ட "பராக்ரம்" நடவடிக்கையின்போது தளபதியாக இருந்த சுந்தரராஜன் பத்மநாபன். திருவனந்தபுரத்தில் பிறந்த இவர் 2024 இல் சென்னையில் மறைந்தார். இவரும் 2004 இல் எதிர்காலப் போர் ஒன்றைப் பற்றிய புனைகதையை எழுதினார்.

உலக நிகழ்வுகளுடன் ஒப்பீடு

அணுப்போர் தவிர்க்கப்பட்டமைக்கு எடுத்துக்காட்டாகப் பெரிதும் கூறப்படுபவை தனிமனிதர்களின் செயல்கள். 1962 அக்டோபர் 27 அன்று கியூபா அருகே சோவியத் நீர்மூழ்கியில் அணுமுனை கொண்ட நீர்மூழ்கிக் குண்டை ஏவ இசைய மறுத்தவராக வசீலி ஆர்கிப்பொவ் போற்றப்படுகிறார். 1983 செப்டம்பர் 26 அன்று ஏவுகணைகள் வருவதாகக் கணினி காட்டிய எச்சரிக்கையைப் பிழை எனக் கணித்தவர் ஸ்தானிஸ்லாவ் பெத்ரொவ். கார்கில் இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கு ஒரு நொடியில் ஒருவர் எடுத்த முடிவு இல்லை. இரண்டு மாதங்கள், இழப்புகள் வந்துகொண்டிருக்க, ஓர் ஆணையை ஆயிரக்கணக்கானோர் கடைப்பிடித்தனர். கதையாக்கத்திற்கு இது அவ்வளவு வசதியானதன்று.

திறனாய்வும் பிற்கால நிகழ்வுகளும்

போர் முடிந்ததாக 1999 ஜூலை 26 அன்று அறிவிக்கப்பட்டது. மூன்று நாட்களில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த பாதுகாப்பு அறிஞர் கே. சுப்பிரமணியம் தலைமையில் கார்கில் மறுஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. அவர் தலைமையிலான தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம் தயாரித்த வரைவு அணுக்கொள்கை, முதலில் பயன்படுத்தாமை எனும் நெறியுடன், அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று வெளியிடப்பட்டது. மறுஆய்வுக் குழுவின் அறிக்கை 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சில பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன.

தடையைக் குறைகூறுவோரின் முதன்மையான வாதம், அது எதிரிக்குத் தவறான பாடம் கற்பித்தது என்பது. அணு ஆயுதங்கள் பெரும்போரைத் தடுப்பதாலேயே சிறுபோர்களுக்குத் துணிவு தருகின்றன என்ற முரணை 1965 இலேயே கிளென் ஸ்னைடர் எனும் அறிஞர் சுட்டியிருந்தார். கார்கிலுக்குப் பின் 2001 இல் நாடாளுமன்றத் தாக்குதலும், 2008 இல் மும்பைத் தாக்குதலும் நிகழ்ந்தன. மும்பைத் தாக்குதலுக்குப் பின்னும் இந்தியா படை நடவடிக்கை எடுக்கவில்லை. அதற்கான காரணங்களை அப்போதைய வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன் 2016 இல் வெளியான நூலில் விளக்கியுள்ளார்.

பின்னர் இந்நிலை மாறியது. 2016 செப்டம்பரில் இந்தியத் தரைப்படையினர் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டித் தாக்கியதாக அரசே அறிவித்தது. 2019 பெப்ரவரி 26 அன்று வானூர்திகள் கோட்டைத் தாண்டி பாலாகோட்டில் குண்டு வீசின. 2025 மே 7 முதல் 10 வரை நடந்த மோதலில் இரு நாடுகளும் ஏவுகணைகளையும் ஆளில்லா வானூர்திகளையும் கொண்டு ஒன்றன் நிலப்பகுதியை மற்றொன்று தாக்கின. இம்மூன்றிலும் அணுப்போர் மூளவில்லை. 1999 இல் தாண்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிராது என்பதற்கு இவற்றைச் சிலர் சான்றாகக் காட்டுகின்றனர். ஆனால் 2016 உம் 2019 உம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ முடிந்தவை. 2025 மோதல் நான்கு நாட்கள் நீடித்தது. நிலத்தைப் பிடிக்கும் நோக்கம் எதிலும் இல்லை. கார்கிலில் நிலத்தைப் பிடித்து அமர்ந்திருந்த ஒரு படையை இரண்டு மாதங்கள் அகற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒத்த வேறொரு போர் இவ்விரு நாடுகளுக்கிடையே அதன்பின் நடக்கவில்லை.